தும்பிக்கைக் கஞ்சி

முதலில் சத்தம்தான் வந்தது. ரொம்ப நாள் பேசாமல் கிடந்த பெரிய ஆள் ஒருத்தன் பேசத் தொடங்குவதற்கு முன்னால் தொண்டையைச் செருமிக்கொள்வதுபோல ஒரு சத்தம், அதன் பின்னாலேயே வெறும் வயிற்றில் காற்று புரளுகிற சத்தம், அதற்கும் பின்னால் இரும்புக்குள் எதுவோ தட்டுத்தடுமாறி ஏறி வருகிற சத்தம். விடியக்கருக்கலில் ஒன்றும் கண்ணுக்குப் புலப்படவில்லை. குடங்களை ஏற்றிய தள்ளுவண்டியை ஓடை மணலில் தோண்டிய ஊத்துக்குத் தள்ளிக்கொண்டு போன சீனியம்மா, பழைய ஸ்டேஷன் பிளாட்பாரத்துக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, "யாரது அங்கன?" என்று கேட்டாள். பதிலுக்கு இன்னொரு செருமல் வந்தது.

சத்தம் தும்பிக்கையிலிருந்து வந்தது. நீராவி இஞ்சின் ஓடிய காலத்தில் இஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றப் பிளாட்பார முனையில் நட்டுவைத்த இரும்புக் குழாய்க்கு உசிலங்கரையில் அதுதான் பெயர். பனங்கன்று உயரத்துக்கு எழுந்து, யானை தும்பிக்கையைத் தூக்கி வளைத்ததுபோல ஒரு பக்கம் வளைந்து, நுனியில் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். டீசல் வண்டி வந்த நாளிலிருந்து அந்த வாயில் சொட்டுத் தண்ணீர் விழுந்ததில்லை. மைனா கூடு கட்டும், குஞ்சு பொரிக்கும், பறந்து போகும், அவ்வளவுதான். எனவே சீனியம்மா தண்ணீர்தான் வருகிறது என்று நினைத்து, ஊத்துவரைக்கும் மணலில் வண்டி தள்ளுகிற பாடு மிச்சம் என்று சந்தோஷப்பட்டு, ஒரு குடத்தை இறக்கிக் குழாய்க்கு நேராக வைத்தாள். குடத்தில் விழுந்தது கெட்டியாக விழுந்தது. ஆவி பறந்தது. விரலை விட்டு நக்கிப் பார்த்தாள். கேப்பைக் கஞ்சி. உப்புப் போட்டிருந்தது.

"தண்ணியா வந்து தொலைஞ்சிருக்கக் கூடாதா" என்று குழாயைப் பார்த்துச் சொல்லிவிட்டு, குடத்தைக் கழுவ வேறு தண்ணீர் வேண்டுமே என்ற எரிச்சலோடு வீட்டுக்குத் திரும்பினாள்.

உசிலங்கரையில் ஊர் வந்த பிறகு ரயில் மேடு வரவில்லை, மேடு வந்த பிறகுதான் ஊர் வந்தது. தாது வருஷத்துப் பஞ்சத்தில், கண்மாயெல்லாம் பாளம் பாளமாக வெடித்து, மாட்டைத் தின்று, மாட்டின் தோலைத் தின்று, புற்றைத் தோண்டி எறும்பு சேர்த்து வைத்த புல்லரிசியைத் தின்று, அதற்குப் பிறகு தின்ன எதுவும் இல்லாமல் கிழக்கே நடந்த சனங்களை வெள்ளைக்காரத் துரை ஒருவன் இந்தப் பொட்டலில் மடக்கி உட்காரவைத்து, ரயில் போக மேடு போடுங்கள், கூடைக்குக் கஞ்சி ஊற்றுகிறேன் என்றான். சுமந்தார்கள். ஆண் பெண் எல்லாரும் சுமந்தார்கள், சுமக்கிறவளின் இடுப்பில் இருந்த பிள்ளையும் கையில் ஒரு பிடி மண் வைத்திருந்தது. வரிசை எந்த இடத்திலும் நிற்கக் கூடாது, நின்ற கூடைக்குக் கஞ்சி கிடையாது என்பது மேஸ்திரிமார் சட்டம். ஆகவே வரிசையில் ஒருத்தன் விழுந்தால் பின்னால் வந்தவள் நிற்காமல் தன் கூடையை அவன்மேலேயே கவிழ்த்துவிட்டுத் திரும்பினாள், அவளுக்குப் பின்னால் வந்தவனும் அப்படியே. மேடு வளர்ந்தது. சாகாமல் மிஞ்சியவர்கள், திரும்பிப் போக ஊர் எதுவும் இல்லாததால், மேட்டுக்குப் பக்கத்திலேயே குச்சு கட்டி உட்கார்ந்தார்கள். அதுதான் உசிலங்கரை.

பிறகு கல் கட்டடம் வந்தது, சிவப்பு ஓடு வந்தது, தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டு அடிக்கிற மணி வந்தது, ராமேஸ்வரம் போகிற சாமியார்கள் இறங்கி வெற்றிலை வாங்கினார்கள், மதுரைக்குக் கரி மூட்டை ஏறியது. எல்லாம் வந்த மாதிரியே போனது. அகலப் பாதை போட்டபோது லைனை ரோட்டோரமாகத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். பழைய தண்டவாளத்தை லாரியில் அள்ளினார்கள், கூரை ஓடுகளை யார் யாரோ அள்ளினார்கள், மேட்டையும் தும்பிக்கையையும் அள்ள யாருக்கும் தோன்றவில்லை. சனங்கள் சீமைக்கருவேல மரத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எரித்துப் பிழைத்தார்கள். பஞ்சத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் அந்த ஊருக்கு வாக்கப்பட்டு வருகிற பெண் மட்டும், புருஷன் வீட்டு வாசற்படியை மிதிக்கும் முன்னால், பிறந்த ஊர் மண்ணை ஒரு கூடை தலையில் சுமந்து வந்து மேட்டில் கொட்ட வேண்டும். வழியில் நிற்கக் கூடாது, இறக்கி வைக்கக் கூடாது. கூட வருகிற பெண்டுகள் "கூடை நிக்கக்கூடாது, கூடை நிக்கக்கூடாது" என்று பாட்டு மாதிரி சொல்லிக்கொண்டு வருவார்கள். ஏன் என்று கேட்டால், நின்றால் குடும்பம் விளங்காது என்பார்கள். சீனியம்மாவும் அப்படித்தான் வந்தாள், கழுத்து வலிக்க, கண்ணில் மண் விழ, வழிவிட்டானைக் கட்டிக்கொண்டு.

வழிவிட்டான் அந்த லைனில் கேங்கில் வேலை பார்த்தவன். தண்டவாளக் கட்டைக்கு அடியில் ஜல்லி தள்ளுவது, மழையில் மேடு அரித்தால் மண் போட்டு அடைப்பது. டெம்பரவரி ஆள். தண்டவாளத்தை அள்ளிய அன்று, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று ஒருவன் போகிற போக்கில் சொன்னான், அதோடு சரி. ஆனாலும் மூட்டத்தில் வேலை முடிந்த சாயங்காலங்களில் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டில் நடப்பான். எலி பறித்த பொந்தில், ஆட்டுக் குளம்பு சரித்த சரிவில், ஒரு கூடை மண் போட்டு மிதித்துவிட்டு வருவான். "ரயிலே இல்லாத மேட்டுக்குக் காவல் எதுக்குங்க?" என்று சீனியம்மா கேட்டால், "ரயிலு இல்லாட்டி மேடு சரியலாமா?" என்பான்.

தும்பிக்கையில் கஞ்சி வருகிறது என்று முதலில் நம்பியவர் டீக்கடை சிக்கந்தர் பாய்தான், ஏனென்றால் ஊரே வேடிக்கை பார்க்கப் போய்விட்டதில் அவர் கடைக்கு அன்று யாரும் வரவில்லை. பிளாட்பாரத்துக்கு வந்து, கையை நீட்டி, வாங்கிக் குடித்து, நாக்கைச் சப்புக்கொட்டினார்.

"உப்பு கம்மி" என்றார்.

"ஓசிக் கஞ்சிக்கு இது வேறயா பாய்?" என்றாள் சீனியம்மா.

"ஓசியா இருந்தா என்ன தங்கச்சி, வாய் நம்ம வாய்தானே."

ஊரும் அதே மாதிரிதான் எடுத்துக்கொண்டது. எங்கிருந்து வருகிறது என்று கேட்டவர்கள் கொஞ்சம், தொட்டுக்கொள்ள என்ன என்று கேட்டவர்கள் அதிகம். கோயில்காரர்கள் தும்பிக்கைக்குச் சந்தனம் பூசி மஞ்சள் சேலை சுற்றினார்கள். தும்பிக்கை பெண்ணா ஆணா என்று சண்டை வந்து, மறுநாள் சேலைக்கு மேல் வேட்டியும் சுற்றினார்கள். மேலத்தெரு ஆட்கள் தங்களுக்குத் தனி வரிசை வேண்டும் என்றார்கள், குழாய்க்கு ஒரு வாய்தான் இருந்ததால் கயிறு கட்டி வரிசையைப் பிரித்து, ஒரு பக்கத்துக்கு ஒரு தட்டு, மறுபக்கத்துக்கு ஒரு தட்டு என்று பிடித்தார்கள், விழுந்த கஞ்சி எந்தப் பக்கமும் ஒரே ருசியாக இருந்தது. கட்சிக்காரர் ஒருவர் வந்து, தன் படம் போட்ட வளைவு ஒன்றைப் பிளாட்பாரத்தில் நட்டுவிட்டுப் போனார். ரயில்வேயிலிருந்து ஒரு ஆபீசர் வந்து, இது இலாகாச் சொத்து, அனுமதி இல்லாமல் யாரும் பிடிக்கக் கூடாது என்று அதட்டி, தூக்குச்சட்டியில் கொஞ்சம் வாங்கிக்கொண்டு போனார். நாளாக ஆக வீடுகளில் அடுப்பு எரியவில்லை. கரி மூட்டங்களில் காவல் இல்லாமல் தீ கிளம்பி, கட்டையெல்லாம் சாம்பலாகப் போனது. போனால் போகட்டும் என்றார்கள்.

ஆடி மாதத்துக் காற்று ஓய்ந்த ஒரு காலையில் தும்பிக்கை நின்றுவிட்டது. சனங்கள் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். மதியம்வரை உட்கார்ந்திருந்தார்கள். தேங்காய் உடைத்தார்கள், குழாயைக் கம்பால் தட்டினார்கள், மேலத்தெருவும் கீழத்தெருவும் ஒருவர்மேல் ஒருவர் பழி போட்டுக் கைகலந்தார்கள், பிள்ளைகள் அழுதன. வீட்டில் உலை வைக்கலாம் என்று எழுந்தவர்களுக்கு விறகு எங்கே கிடக்கிறது என்பதே மறந்துபோயிருந்தது. வழிவிட்டான் இந்தக் கூத்தையெல்லாம் பார்த்துச் சலித்து, வழக்கம்போல மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனான். ஒரு எலிப் பொந்தைக் கண்டான். பக்கத்துப் பள்ளத்தில் ஒரு கூடை மண் வெட்டி, கொண்டுவந்து பொந்தில் கொட்டினான்.

தும்பிக்கை தொண்டையைச் செருமியது. ஒரு தட்டு அளவுக்குக் கஞ்சி விழுந்தது. நின்றது.

சனங்கள் தட்டைப் பார்க்கவில்லை, மேட்டில் நின்ற வழிவிட்டானைப் பார்த்தார்கள். அவன் தன் வெறுங்கூடையைப் பார்த்தான்.

"இன்னொன்னு போடு அப்பு" என்று கரி மூட்டை நிறுக்கிற கருமலை கீழேயிருந்து கத்தினார்.

போட்டான். விழுந்தது.

அதற்குப் பிறகு யாரும் யாருக்கும் எதையும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. சாயங்காலத்துக்குள் ஊர் முழுவதும் கூடை எடுத்துவிட்டது, கூடை இல்லாதவர்கள் சாக்கு எடுத்தார்கள், சாக்கு இல்லாதவர்கள் முந்தானையில் கட்டினார்கள். பெண்டுகளுக்கு எல்லாம் ஏற்கெனவே பழக்கம்; கல்யாணத்தன்று சுமந்ததை மறுபடி சுமக்கிறோம் என்று சிரித்துக்கொண்டார்கள். "கூடை நிக்கக்கூடாது" என்று யாரோ ஆரம்பித்தார்கள், வரிசை அதையே வாங்கிச் சொன்னது. தள்ளுமுள்ளு வந்தபோது வழிவிட்டானைக் கூப்பிட்டு, நீதான் மேஸ்திரி, நீ பார்த்துச் சொல், யார் முன்னால் யார் பின்னால் என்று கேட்டார்கள். கருமலை தன் தராசுக் கம்பைக் கழற்றி அவன் கையில் கொடுத்தார். அன்று வீட்டுக்கு வந்த வழிவிட்டான் அந்தக் கம்பைச் சுவரில் சாய்க்காமல், படுக்கிற பாய்க்குப் பக்கத்திலேயே கிடத்திக்கொண்டான். அவன் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது. சீனியம்மாவுக்கும் அது நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் தும்பிக்கை கணக்கை மாற்றிக்கொண்டே வந்தது. ஒரு கூடைக்கு விழுந்த கஞ்சி பிறகு ஒன்றரைக் கூடைக்கு விழுந்தது, பிறகு இரண்டுக்கு. பொழுது விடிவதற்கு முன் வரிசை கிளம்பியது, பொழுது சாய்ந்த பிறகும் நடந்தது. வாசல் மண்ணை வெட்டினார்கள், கொல்லை மண்ணை வெட்டினார்கள், கண்மாய்க் கரையை வெட்டினார்கள், மழை வந்தால் தண்ணீர் எங்கே நிற்கும் என்று ஒருவர் கேட்டதற்கு, மழை எங்கே வருகிறது என்று இன்னொருவர் சொன்னார். விதைக்காத வயலை வெட்டினார்கள். குழி ஆழம் தெரிய நடுவில் வெட்டாமல் விடுகிற மண் திட்டுகள் ஊரைச் சுற்றிலும், தலை தலையாக, ஆள் நிற்கிற மாதிரி நின்றன. கஞ்சி வயிற்றுக்கு மத்தியானம்வரைகூடத் தாங்கவில்லை. கன்னங்கள் ஒட்டின, கண்கள் உள்ளே போயின, இருந்தாலும் குடித்தார்கள். சிக்கந்தர் பாய் டீக்கடை அடுப்பை இடித்து, அந்த மண்ணையும் கூடையில் அள்ளிக்கொண்டு வந்தார். "எரியாத அடுப்பு எதுக்கு?" என்றார், யாரும் கேட்காமலே. மேடு உயர்ந்துகொண்டே போனது, எந்த ரயிலுக்காக என்று கேட்க யாருக்கும் மூச்சு மிச்சமில்லை.

முதலில் விழுந்தவர் கருமலை. வயசாளி, ஆனால் வரிசையை விட மாட்டார். மேட்டுச் சரிவில் ஏறிக்கொண்டிருந்தவர் முழங்கால் மடங்கி உட்கார்ந்தார், பிறகு பக்கவாட்டில் சாய்ந்தார். அவருக்குப் பின்னால் வந்தவள் அவருடைய மகன் பெண்டாட்டி பொன்னாத்தா. அவள் ஒரு நொடி நின்றாள். வரிசை முழுவதும் அந்த நொடியைக் கழுத்தில் உணர்ந்தது. கீழே தும்பிக்கை விக்கியது. வழிவிட்டான் கையிலிருந்த கம்பு தரையை மெதுவாக ஒருமுறை தட்டியது. பொன்னாத்தா கூடையைக் கவிழ்த்தாள். பின்னால் வந்தவள் கவிழ்த்தாள். அதற்குப் பின்னால் வந்தவன். கொஞ்ச நேரத்தில் அந்த இடம் மற்ற இடம் மாதிரி ஆகிவிட்டது.

அன்று கஞ்சி கெட்டியாக வந்தது. மேலே எண்ணெய் மிதந்தது. எல்லாரும் குடித்தார்கள். சீனியம்மாவும் குடித்தாள். குடித்துவிட்டு வீட்டுக்குப் போய், யாரும் பார்க்காமல் வாந்தி எடுத்தாள், அதற்குப் பிறகு பசித்தது.

அன்றைக்குத்தான் அவளுக்கு வழிவிட்டானின் இருமல் காதில் விழுந்தது. முன்பே இருந்த இருமல்தான், கரிப்புகை நெஞ்சில் வைத்த இருமல். இப்போது அதில் ஈரமான ஒரு கரகரப்பு சேர்ந்திருந்தது. அவன் துண்டைத் துவைக்கும்போது பார்த்தாள், சிவப்பாக இருந்தது.

"நாளைக்குப் போக வேணாம்" என்றாள்.

"நான் போகாட்டி யாரு வரிசை பாக்குறது?"

"எவனோ பாத்துட்டுப் போறான். மேஸ்திரி கம்பப் புடிச்சிக்கிட்டு ஓரமா நிக்க வேண்டியதுதான? நீங்க எதுக்குக் கூடை சொமக்கிறீக?"

"சொமக்காத மேஸ்திரி சொன்னா எவன் கேப்பான்?"

"பரமக்குடிக்குப் போவோம். மக வீட்டுல ஒரு மாசம் இருந்துட்டு வருவோம். டாக்டர்ட்டக் காட்டுவோம். மருமகன் வேணாம்னா சொல்லப் போறாரு?"

"மேடு தும்பிக்க வாயளவுக்கு வந்துரட்டும். அப்பறம் போவோம்."

"யோவ், வந்தா என்னய்யா? ரயிலு வருமா?"

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். இருட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "லைன அள்ளுன அன்னைக்கி ஒரு பய என்னைய நில்லுன்னு சொல்லல சீனி. இன்னைக்கி ஊரே நான் சொன்னா நடக்குது."

அவளுக்கு அந்தக் கம்பை எடுத்து இரண்டாக ஒடித்து அடுப்பில் வைக்கலாம் என்று இருந்தது. அடுப்புதான் எரியவில்லை. மறுநாளிலிருந்து அவள் வரிசையில் தன் இடத்தை மாற்றிக்கொண்டு, அவனுக்கு நேர் பின்னால் நடக்கத் தொடங்கினாள். அவன் விழுந்தால் பின்னால் வருவது தானாகத்தான் இருக்க வேண்டும் என்பதைத் தவிர அவளிடம் வேறு யோசனை எதுவும் இல்லை. ஏறும்போது அவன் குதிகாலை மட்டும் பார்த்துக்கொண்டே ஏறினாள். வெடித்த குதிகால், மண் ஒட்டிய குதிகால், ஒவ்வொரு அடிக்கும் முன்னால் கொஞ்சம் யோசிக்கிற குதிகால்.

ஒருநாள் உச்சி வெயிலில் அது நின்றது.

வழிவிட்டான் குப்புற விழுந்தான். ஒரு கன்னம் மண்ணில் பதிந்திருந்தது. அவன் கூடை உருண்டு போய்க் கீழே கிடந்தது. சீனியம்மா நின்றாள். அவள் தலையில் கூடை கனத்தது. பின்னால் பாட்டு நின்றது. தும்பிக்கை விக்கியது.

"கொட்டு" என்றான் வழிவிட்டான். வாயில் மண் இருந்தது. கண் திறந்திருந்தது. "சீனி. கொட்டு. கூடை நிக்கக்கூடாது."

அவள் கூடையை இறக்கினாள். தலையிலிருந்து மார்புக்கு, மார்பிலிருந்து இடுப்புக்கு, இடுப்பிலிருந்து தரைக்கு. நிறைகூடையை அந்த மேட்டில் ஒரு பெண் இறக்கி வைத்து உசிலங்கரையில் யாரும் பார்த்ததில்லை. கீழே கஞ்சி அறுந்தது. தட்டேந்தி நின்ற பிள்ளைகள் மேலே பார்த்தன.

"கொட்டு மதினி" என்றாள் பின்னால் நின்ற பொன்னாத்தா.

"மூச்சு இருக்குடி."

"எங்க மாமனுக்கும் இருந்துச்சு."

சீனியம்மா திரும்பிப் பார்த்தாள். பொன்னாத்தாவின் முகத்தில் கோபம் இல்லை. கடைசி பஸ்ஸில் இடம் கேட்கிறவள் முகம் மாதிரி இருந்தது. "நான் கொட்டலையா?" என்றாள். "நான் கொட்டுனேன்ல? நீயும் கொட்டு மதினி. ஒன்னயக் கையெடுத்துக் கும்புடுறேன், கொட்டு."

"மாட்டேன்டி" என்றாள் சீனியம்மா.

வரிசையிலிருந்து வசவு வந்தது. பிள்ளைகள் பட்டினி கிடக்கிறது தெரியவில்லையா என்றார்கள், மேஸ்திரி பெண்டாட்டி என்றால் தனிச் சட்டமா என்றார்கள், வந்தேறிச் சிறுக்கி என்றார்கள், எல்லாரும் எங்கிருந்தோ வந்து சேர்ந்த ஊரில் அந்தச் சொல்லை யார் சொன்னது என்று தெரியவில்லை. அவள் குனிந்து அவன் கக்கத்தில் கைகொடுத்து இழுத்தாள். ஒரு காலத்தில் தண்டவாளத்தைத் தோளில் தூக்கிய உடம்பு காய்ந்த கருவேலங்கட்டை மாதிரி லேசாக வந்தது. அதுதான் அவளை அழ வைத்தது. "விடுடி, விடுடி, ஊரு பாக்குது" என்று அவன் முனகினான். சரிவில் இழுத்து இறக்கினாள். ஒருவரும் உதவவில்லை, ஒருவரும் தடுக்கவும் இல்லை. சிக்கந்தர் பாய் தன் காலித் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிளாட்பாரத்தோரம் நின்ற தள்ளுவண்டியிலிருந்து சீனியம்மா காய்ந்த குடங்களை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, அவனை அதில் மடக்கிக் கிடத்தி, வீட்டுக்குத் தள்ளினாள்.

கொஞ்ச தூரம் போனதும் பின்னால் மண் விழுகிற சத்தம் கேட்டது. பொன்னாத்தா தன் கூடையைக் கொட்டினாள், அப்புறம் சீனியம்மா இறக்கி வைத்த கூடையையும் எடுத்துக் கொட்டினாள். தும்பிக்கை தொண்டையைச் செருமிக்கொண்டது. பாட்டு மறுபடி தொடங்கியது.

வழிவிட்டான் அதற்குப் பிறகு கொஞ்ச நாள் இருந்தான். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால் வண்டி பிடிக்க ஊரில் ஒரு ஆள் கிடைக்கவில்லை, ரோடு போகிற இடத்தையும் வெட்டியிருந்தார்கள். மகளுக்கு ஆள் சொல்லிவிட முடியவில்லை. சீனியம்மா பானையைத் துடைத்து, அடியில் கிடந்த நொய்யைப் புடைத்து, கதவு நிலையில் ஒரு கட்டையைப் பிளந்து எரித்துக் கஞ்சி வைத்தாள். அவன் ஒரு மிடறு குடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"எறக்கி வச்சிட்டியே" என்றான்.

"ஆமா. வச்சேன்."

"எல்லாரும் பாத்தாக."

"பாக்கட்டும்."

அவன் அவளை மன்னித்தானா என்று அவளுக்குத் தெரியாது. ஒரு மத்தியானம், தூரத்தில் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தபோது, அவன் விரல்கள் பாயில் எதையோ தேடின. கம்பைத் தேடுகிறான் என்று நினைத்து அதை எடுத்துக் கொடுக்கப் போனாள். கம்பு வேண்டாம் என்று தள்ளிவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டான். சாயங்காலம் அந்தப் பிடியை அவள்தான் ஒவ்வொரு விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

புதைக்க இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் சிக்கந்தர் பாய். குழி வெட்டி, இறக்கி, மூடினார்கள். ஆளைப் புதைத்த குழியில் மண் எப்போதும் மிஞ்சும், அது குவியலாகக் கிடந்தது. மூடி முடிப்பதற்குள் வேலிக்கு அந்தப் பக்கம் வெறுங்கூடைகளோடு நாலைந்து பேர் வந்து மரியாதையாகத் தள்ளி நின்றார்கள். அவர்களில் ஒருவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "மிச்ச மண்ண எடுத்துக்கிறலாமா மதினி?" என்று கேட்டான்.

சீனியம்மா அந்தக் குவியல்மேல் போய் உட்கார்ந்துகொண்டாள். அவர்கள் கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள், பிறகு போனார்கள். வெயில் சாயும்வரை அவள் எழுந்திருக்கவில்லை. மறுநாளும் அதற்கு அடுத்த நாட்களிலும் வந்து உட்கார்ந்தாள், காற்று அந்த மண்ணைச் சமாதியோடு சேர்த்துவிடும்வரைக்கும்.

தும்பிக்கையை நிறுத்தியது யாருமில்லை. வாய்க்குப் பக்கத்தில் கொட்டுகிற மண்ணுக்குக் கஞ்சி கூடுதலாக விழுகிறது என்று ஒருத்தி கண்டுபிடித்தாள். அன்றிலிருந்து எல்லாரும் அங்கேதான் கொட்டினார்கள். முதலில் சேலை மூழ்கியது, கட்சிக்காரர் நட்ட வளைவின் கால்கள் மூழ்கின, தும்பிக்கையின் கழுத்து மூழ்கியது. வாய் மண்ணைத் தொட்ட அன்று, ஊரே சுற்றி நின்றுகொண்டு, இன்னும் ஒரு கூடை போட்டால் கொட்டோ கொட்டென்று கொட்டும் என்று நம்பி, ஆளுக்கொரு கூடை போட்டது. உள்ளேயிருந்து ஒரு செருமல் கேட்டது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. தோண்டிப் பார்க்கலாமா என்று யாரோ கேட்டார்கள். அந்த மேட்டில் மண்வெட்டியை வைக்க ஒருவருக்கும் கை வரவில்லை, எதெது மேலே வரும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

மேலத்தெரு மேலத்தெருவாகவும் கீழத்தெரு கீழத்தெருவாகவும் கலைந்து போனது. கருவேல மரங்கள் ஆள் இல்லாத நாட்களில் நன்றாக வளர்ந்திருந்தன. வெட்டினார்கள், மூட்டம் போட்டார்கள், புகை எழுந்தது. சிக்கந்தர் பாய் வேறு மண் குழைத்து வேறு அடுப்பு போட்டார், டீயில் சர்க்கரை கம்மி என்று யாரும் குறை சொல்லவில்லை. வெளியூர்க்காரர்கள் யாராவது அங்கே நிற்கிற பெரிய மேட்டைக் காட்டிக் கேட்டால், பழைய ஸ்டேஷன் என்று சொல்வார்கள், ரயில் நிற்குமா என்று கேட்டால், இல்லை என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்ப்பார்கள்.

சீனியம்மா தள்ளுவண்டியைத் துடைத்து, சக்கரத்தில் சிக்கியிருந்த மண்ணைக் குச்சியால் குத்தி எடுத்து, குடங்களை ஏற்றிக்கொண்டு ஊத்துக்குப் போனாள். ஓடை மணலில் அவள் தோண்டி வைத்திருந்த குழி தூர்ந்து போயிருந்தது. கையால் பறித்தாள். முழங்கை ஆழத்தில் ஈரம் தட்டியது, இன்னும் பறித்ததும் ஒரு கையளவு தண்ணீர் கலங்கலாக ஊறியது. தெளியட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மணலில் இன்னொரு வண்டி வருகிற சத்தம் கேட்டது. பொன்னாத்தா. சீனியம்மாவைப் பார்த்ததும் வண்டியைத் தள்ளியே நிறுத்திக்கொண்டாள். அவளுக்குச் சொந்தமான ஊத்து கொஞ்சம் மேலே இருந்தது, அதில் மணல்தான் இருந்தது.

"வீட்டுல குடிக்கத் தண்ணி இருக்கா?" என்று சீனியம்மா கேட்டாள், அவளைப் பார்க்காமல்.

"இல்ல மதினி."

"அப்ப மொதக் கொடத்த நீ கோரிக்க."

பொன்னாத்தா குடத்தை எடுத்துக்கொண்டு வந்து குழிக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தாள். தண்ணீர் தெளிந்திருந்தது. சீனியம்மா சிரட்டையை அவள் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, தன் குடத்தின் வாயை முந்தானையால் துடைக்கத் தொடங்கினாள்.